நல்ல நாள் பார்க்காதே, தாராபுரம் போ

அன்புள்ள கண்ணு,

இன்லண்ட் லெட்டரில் இடம் போதாது என்று தெரிந்தே கோடு போட்ட நோட்டிலிருந்து தாள்களைக் கிழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்திருந்தாய். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது என் முகத்தைப் பார்க்காமல் குழாயைப் பார்த்துக்கொண்டே, "பூங்கொடி எப்பங்கம்மா வருவா?" என்று கேட்டாய். "நல்ல நாள் பாத்துச் சொல்றேன் சாமி, ஒரு மாசம் போகட்டும்" என்றேன். வேறு எந்த வீட்டுப் பையனாக இருந்தாலும், என் பெண்டாட்டியைப் பார்க்க எனக்கு எதற்கு நாள் என்று சண்டைக்கு வந்திருப்பான். நீ தலையை ஆட்டிவிட்டுப் பீளமேட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். இப்படித் தலையாட்டுகிற பிள்ளையாக உன்னை வளர்த்தோமே என்று நானும் இத்தனை வருடம் பெருமைப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் எஸ்.டி.டி பூத்துக்குப் போய்த் தாராபுரத்துக்குப் பேசினேன். உன் மாமியார்தான் எடுத்தார்கள். சோறு தண்ணி, மழை, மாடு என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்த பிறகு, "ஏனுங்க சம்பந்தி, கேக்கறனேன்னு தப்பா நினைக்காதீங்க. மாப்பிள்ளை எம்புள்ளை மேல கோவமா இருக்கறாருங்களா? ‘அவிங்க எம்மேல கோவமா இருக்கறாங்களாம்மா’ன்னு தெனமும் கேக்கறாளுங்க. நான் என்னத்தைச் சொல்றதுங்க?" என்றார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் அழுகை வந்தது. என் மருமகள் மூன்று மாதக் கருவை இழந்து, வயிறு கழுவி, காய்ச்சலில் விழுந்து எழுந்து கிடக்கிறாள். அவளுடைய கவலை, நீ கோபமாக இருக்கிறாயா என்பது. அவளை அப்படி நினைக்க வைத்தவள் நான். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ ஏன் அவளிடம் பேசாமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கோபத்தால் இல்லை. ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொன்ன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "சொல்லச் சொல்லக் கேக்காம மருதமலைக்கு ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போனீல்ல, இப்பப் பாரு" என்றேன். யார் மேலாவது பழியைப் போட்டால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருந்தது, கிடைத்தவன் நீ. அன்றிலிருந்து நீ அந்த ஸ்கூட்டரை எடுக்கவில்லை என்று அப்பா சொன்னார். கம்பெனிக்கும் பஸ்ஸில்தான் போகிறாயாமே. கண்ணு, பிறகு நானே டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "முதல் மூணு மாசத்துல கலையறது பெரும்பாலும் கருவே சரியா உருவாகாததாலதாம்மா. அதுக்கு ஸ்கூட்டரும் காரணமில்லை, பப்பாளியும் காரணமில்லை. யாரும் ஒண்ணும் தப்புப் பண்ணலை." இதை அன்றைக்கே உன்னிடம் ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் என் வார்த்தை தப்பு என்று ஆகிவிடுமே. உன் அம்மா அப்படிப்பட்டவள்தான்.

இனி உனக்குத் தெரியாத கதையைச் சொல்கிறேன். வயிறு கழுவுவதை ஆஸ்பத்திரியில் டி அண்ட் சி என்றார்கள். மயக்க மருந்து கொடுத்து, கால் மணி நேரத்தில் முடித்து, சாயங்காலமே அனுப்பி வைத்துவிட்டார்கள். வீட்டுக்குப் போய் என்னென்ன செய்ய வேண்டும் என்று நர்ஸ் நிதானமாகத்தான் சொன்னாள். அதில் பாதியை நான் வாசலில் என் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டேன். மீதிப் பாதியை, நான்கு பிரசவம் பார்த்த எனக்கு இந்தச் சின்னப் பெண் என்ன சொல்வது என்ற நினைப்பில் விட்டுவிட்டேன். நீ லீவு போட்டு அவளோடு இருக்கிறேன் என்று சொன்னபோதும், "ஆம்பளைக்கு இங்க என்ன வேலை, ஞாயித்துக்கிழமை வந்து பாத்துக்க" என்று விரட்டிவிட்டுப் பல்லடத்துக்கு அவளைக் கூட்டிவந்தேன். பிள்ளை பெற்றவளுக்குப் போடுகிற பத்தியத்தை அப்படியே அவளுக்கும் போட்டேன். சுட்ட பூண்டும் ரசச் சோறும் கொடுத்தேன். வயிறு ஊதிவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் கொடுக்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை சூடு என்று மூன்றாம் நாள் நானே நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் எல்லாவற்றுக்கும், "சரிங்க அத்தை, சரிங்க அத்தை" என்றாள்.

நான்காம் நாள் அடுத்த ஊரில் ஒரு காதுகுத்து. நம் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். பந்தி முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காது என்று வேனை நம் வீட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். பதினேழு பேர். வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்று சொல்லாமல் விட்டால் நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய குற்றம் என்று உனக்குத் தெரியும். உன் பெரியத்தை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அம்மா ‘வாங்க’ சொல்லவில்லை என்று பதினோரு வருடம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த அம்மாவுக்கு அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்ததாம், அது வேறு கதை. பூங்கொடி நம் வீட்டுக்கு வந்த முதல் வாரமே நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அதுதான்: "யாரு வந்தாலும் எந்திரிச்சு நின்னு, மூஞ்சியைப் பாத்து வாங்கன்னு சொல்லோணும் அம்மணி. ஒருத்தரையும் விட்டுறக் கூடாது."

அவள் ஒருவரையும் விடவில்லை. கட்டிலில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, பதினேழு பேருக்கும் தனித்தனியாக ‘வாங்க’ சொன்னாள். "எப்படி அம்மணி இருக்கறே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "நல்லா இருக்கறனுங்க" என்றாள். ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பூங்கொடி அந்தக் குழந்தையைப் பார்த்தும் சிரித்தாள். நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டே, மருமகள் எப்படி மரியாதை தெரிந்தவளாக இருக்கிறாள், நான்கு பேர் பார்க்கட்டும் என்று பூரித்துக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு வந்தவர்கள் ஐந்தரை வரை இருந்தார்கள். ஆர்லிக்ஸ் பாட்டில்களும் ஆரஞ்சுப் பழங்களும் மேசையில் நிறைந்துவிட்டன. அவர்கள் போகும்போதும் வாசல்படி வரைக்கும் வந்து, "போயிட்டு வாங்க" என்று கை கூப்பினாள்.

வேன் கிளம்பிய பிறகு போர்வையை உதறிப் போடலாம் என்று அறைக்குப் போனேன். விரிப்பு நனைந்து சிவந்து கிடந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். தொட்டால் கை சுட்டது. நாப்கின் முந்தின நாளே தீர்ந்துபோயிற்றாம். மாமனார் இருக்கிற வீட்டில் எப்படிக் கேட்பது என்று பழைய சேலையைக் கிழித்து வைத்துச் சமாளித்திருக்கிறாள். காலையிலிருந்தே காய்ச்சலாம். "ஏம்மணி, ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன். அவள், "வந்தவங்க இருந்தாங்களேங்க அத்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த வார்த்தை இன்றைக்கும் என்னை உட்கார விடவில்லை.

அப்பா பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கிவர, அவளைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். உள்ளே கொஞ்சம் தங்கி, சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். மறுபடியும் மயக்க மருந்து, மறுபடியும் கழுவினார்கள், ஐந்து நாள் குளுக்கோஸ் ஏறியது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். நீ ஷிப்ட் உடையோடு மூச்சிரைக்க ஓடி வந்தாயே, அப்போது நான் உன்னிடம் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "ஜொரம் வந்ததை அந்தப் புள்ளை சொல்லவே இல்லை கண்ணு, அமுக்கமா இருந்துட்டா" என்றேன். உன் மாமனார் மாமியாரிடமும் அதையேதான் சொன்னேன். அவர்கள் பெண்ணைத் தாராபுரம் கூட்டிப்போனபோது என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பூங்கொடியும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவள் அமுக்கமானவள் இல்லை சாமி. நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள். அது அவளைக் கொல்லப் பார்த்தது. அதை மறைக்கத்தான் ஒரு மாதம், நல்ல நாள் என்றெல்லாம் உன்னிடம் காரணம் சொன்னேன். அவள் உன்னிடம் வாய் திறந்துவிடுவாளோ என்று பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு முன்னால் எனக்கும் ஒன்று கலைந்தது. இந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை, அதனால் உனக்குத் தெரியாது. அப்போது நமக்கு நான்கு விசைத்தறிகள். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள், இந்தப் பக்கம் என் கட்டில். விடிந்தது முதல் அந்தச் சத்தத்தில் படுத்திருப்பவளுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் தறி ஓடவில்லை. மூன்று நாள் ஓடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் உன் அப்பா, "பெல்ட்டு அறுந்து போச்சுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாள் முழுக்கத் தறிக்கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே ஒரு பிள்ளை போய்விட்டது, இந்த மனிதருக்குப் பெல்ட்டுதான் பெரிதாகப் போய்விட்டது என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. நீ பிறந்து பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, சின்னச் சண்டையில்கூட "உங்களுக்குத் தறி போதுமே" என்று குத்திக் காட்டுவேன். பிறகு ஒருநாள் தறி பழுது பார்க்க வந்த பிட்டர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த வருசம் பெல்ட்டு ஒண்ணும் அறுகலீங்க. நீங்க தூங்கோணும்னு மொதலாளிதான் நிறுத்திப்போட்டாரு. எங்களையெல்லாம் சத்தமாப் பேசக்கூட உடலீங்க." எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. உங்களுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா, அன்றைக்கே சொல்லியிருந்தால் இத்தனை வருடம் உங்களைக் கரித்துக் கொட்டாமல் இருந்திருப்பேனே என்று கேட்டேன். சிரித்தார். நீ அவருடைய பிள்ளை. ஸ்கூட்டரை நிறுத்தி வைத்தால் தாராபுரத்தில் இருக்கிறவளுக்கு உன் மனசு தெரியும் என்று நினைக்கிறாய். தெரியாது கண்ணு. வாயைத் திறந்து சொன்னால்தான் தெரியும்.

இப்போது நர்ஸ் சொன்னதைச் சொல்கிறேன். இரண்டாம் முறை செருப்பைத் தேடாமல், எதிரில் உட்கார்ந்து கேட்டேன். நீ படித்தவன், கூச்சப்படாமல் படி. உதிரம் நாளாக நாளாகக் குறைந்து, பழுப்பாகி, இரண்டு வாரத்துக்குள் நின்றுவிட வேண்டும். அது வரைக்கும் அவ்வப்போது கொஞ்சம் பட்டால் பயப்பட வேண்டாம். அடிவயிற்றில் மாதவிலக்கு வலி போல இழுத்துப் பிடிக்கும். வெந்நீர்ப் பை வைத்தால், டாக்டர் எழுதிய வலி மாத்திரையைப் போட்டால் அடங்கிவிடும். ஆனால் மணிக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அதுவே இரண்டு மணி நேரம் நீடித்தாலும், காய்ச்சல் அடித்தாலும், கெட்ட வாடை வந்தாலும், வயிற்று வலி தாங்க முடியாமல் போனாலும், மயக்கம் வந்தாலும், யாரையும் யோசனை கேட்காதே. என்னையும் கேட்காதே. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போ. நாப்கினை நீயே கடையில் வாங்கு. காகிதத்தில் சுற்றித்தான் தருவான், ஒன்றும் ஆகிவிடாது. மாத்திரையை முழுக்கச் சாப்பிட வேண்டும், தண்ணீர் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். கீரை, முட்டை, பேரீச்சம்பழம் கொடுக்கச் சொன்னார்கள், ரத்தம் ஊறும். உதிரம் முழுக்க நின்று, டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் நீங்கள் இருவரும் தள்ளித்தான் படுக்க வேண்டும். அம்மா இதைக்கூடவா எழுதுவாள் என்று நெளியாதே. யாரும் எழுதாமல் விட்டுத்தான் எத்தனையோ பெண்கள் கஷ்டப்படுகிறார்கள்.

நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் மாதவிலக்கு திரும்ப வரும். முதல் தடவை கொஞ்சம் அதிகமாக இருக்கலாம். அது உடம்பு சரியாகிவிட்டது என்பதற்கு அடையாளம். ஆனால் அன்றைக்கு அவள் அழுவாள், நான் அழுதேன். கொஞ்ச நாளைக்கு மார்பில் கனமும் வலியும் இருக்கலாம், உடம்புக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. ஒன்றுமே இல்லாத சமயத்தில், காய் நறுக்கும்போது, டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று கண்ணீர் வரும். "விடு, அடுத்தது பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. என்னிடம் அதைச் சொன்ன ஒவ்வொருவரையும் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திரு, அது போதும். உனக்கும் அழுகை வந்தால் அழு. உனக்கும்தானே அது பிள்ளை. ஆனால் வாரக்கணக்கில் சாப்பிடாமல், தூங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள். அடுத்த குழந்தைக்கு மூன்று மாதம் போகட்டும், பிறகு பார்க்கலாம், ஒருமுறை கலைந்ததால் அடுத்தது கலையும் என்று பயப்படவே வேண்டாம் என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சொல்கிறேன். எனக்குக் கலைந்த பிறகு வந்தவன்தான் நீ. பிறந்தபோது மூன்றே முக்கால் கிலோ. சுகாதார நிலையத்துத் தராசில் வைத்தவர்கள் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தார்கள்.

பூங்கொடி தேறி வருகிறாள் கண்ணு. நேற்று வாய்க்கால் வரைக்கும் நடந்துபோய் வந்தாளாம். முந்தாநாள் உப்புமாவில் உப்பு போதவில்லை என்று அவள் அம்மாவிடம் சண்டை போட்டாளாம். சம்பந்தியம்மா குறைபோலச் சொன்னார்கள், எனக்குக் கேட்கக் கேட்க வயிறு குளிர்ந்தது. வாயைத் திறந்து குறை சொல்கிறாள் என்றால் பிழைத்துவிட்டாள் என்று அர்த்தம். நம் வீட்டிலும் அவள் அப்படிச் சண்டை போட வேண்டும்.

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பு. அன்றைக்கு அஷ்டமியாக இருந்தாலும் சரி, ராகு காலமாக இருந்தாலும் சரி. பஸ் பல்லடத்தில் நிற்கும்போது, அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இறங்கிவிடாதே, நேராகப் போ. அவள் வீட்டு வாசலில் உன்னைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்ப்பாள், ‘வாங்க’ சொல்ல வாயெடுப்பாள், அது நான் போட்ட பழக்கம். அவள் எழுவதற்குள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடு. உனக்குக் கோபம் இல்லை என்று சொல். பயந்துகொண்டிருந்தாய் என்று சொல். டாக்டர் சொன்னதைச் சொல். பிறகு இந்தத் தாள்களை அவளிடமே கொடுத்துவிடு, அவள் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டட்டும். என் மானம் போனால் போகட்டும், அவள் பேர் கெட்டிருக்கக் கூடாது.

அவளுக்கு எப்போது வரத் தோன்றுகிறதோ அப்போது வரட்டும். பீளமேட்டுக்கே நேராகப் போனாலும் எனக்கு வருத்தமில்லை. பல்லடத்துக்கு வருகிற நாளில் ஒரு போன் மட்டும் செய். நான் பஸ் நிறுத்தத்துக்கே வந்து நிற்கிறேன். யாரும் அவளைப் பார்க்கக் காத்திருக்க மாட்டார்கள், அவள் யாருக்காகவும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அன்றைக்கு ‘வா கண்ணு’ என்று சொல்ல வேண்டியவள் நான்.

அம்மா